பஞ்சுக்குள் தேயும் ஒலி

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மிருதங்கம் கற்பிக்கும் வாத்தியார் ஒருவர் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய வகுப்பறைச் சுவர்களில் ஒரு கடைக்காரர் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள, முட்டை அட்டையைப் போல் மேடுபள்ளமாக வெட்டிய ஃபோம் தாள்களை ஒட்டிக் கொடுத்திருந்தார். அறையில் முழக்கம் குறையும் என்றும், கீழ்வீட்டுக்காரரின் புகாரும் நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். "மீட்டு எடுபடவே மாட்டேங்குது தம்பி, தொப்பி மட்டும் குமுறுது. முன்னாடி இருந்ததே தேவலை" என்றார் வாத்தியார். மீட்டு என்பது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில் எழும் கூர்மையான நாதம், தொப்பி என்பது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம்.

டீசல் ஜெனரேட்டர்களுக்கு ஒலிக்கூண்டு வடிவமைப்பது என் தொழில். பீன்யாவில் பதினான்கு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன். ஒரு பொருள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதைப் பொருத்துவதற்கு முன்பே கணித்துவிட முடியும் என்பதும், அந்தக் கணக்கைப் போடாமல் பொருளை வாங்குவது பெரும்பாலும் பண விரயம் என்பதும் இந்த வேலையில் நான் நாள்தோறும் காணும் உண்மைகள். ஆகவே வாத்தியார் சொன்ன குறை எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் அதை அவருக்கு விளக்க முயன்றபோது, நான் பழக்கத்தால் பயன்படுத்திவந்த சூத்திரங்களின் அடியில் இருக்கும் இயற்பியலை மறுபடியும் தொடக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இந்தப் பதிவு அதன் விளைவு.

கீழ்வீட்டுக்காரரின் புகாரை முதலில் முடித்துவிடுகிறேன். உறிஞ்சுவதும் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒலி அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவும் வேண்டும். காற்று ஊடுருவிச் செல்லும் ஒரு பொருளை ஒலியும் ஊடுருவும். ஃபோம் ஒட்டி அடுத்த வீட்டின் அமைதியைக் காக்கலாம் என்று சொல்பவர்களிடம் எதையும் வாங்க வேண்டாம்.

இனி உறிஞ்சுதலுக்கு வருவோம். ஒலி அலை பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளுக்குள் நுழையும்போது துளைகளிலுள்ள காற்று முன்னும் பின்னும் அசைகிறது. அப்படி அசையும்போது இழைகளோடு உராய்ந்து தன் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. ஒரு திடப் பரப்பை ஒட்டி இந்த உராய்வு நிகழும் மெல்லிய படலம் 1,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது, 100 ஹெர்ட்ஸில் 0.22 மில்லிமீட்டர். திறந்த வெளியில், வெறும் சுவரின் மேல், இது ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடிப் பஞ்சில் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையேயுள்ள வெளியே ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால், உள்ளேயிருக்கும் காற்று முழுவதும் உராய்வுப் படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. பஞ்சு உறிஞ்சுவதன் காரணம் இதுதான். மென்மையாக இருப்பதால் உறிஞ்சுகிறது என்பது பலரும் நம்பும் பிழை. மூடிய துளைகளையுடைய ஃபோம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதற்குள் காற்று நுழைவதில்லை. ஜே.சி. சாலையில் வண்டி இருக்கைகளுக்கான ஃபோம் விற்கும் கடைகளில் நான் எப்போதும் ஒரு துண்டை வாயருகே வைத்து ஊதிப் பார்த்துவிட்டே விலை கேட்பேன். ஊதும் காற்று சற்றுச் சிரமத்தோடு மறுபுறம் வர வேண்டும். வரவே இல்லையென்றாலும், எளிதாக வந்துவிட்டாலும், அந்தப் பொருள் எனக்கு உதவாது.

உராய்வு இருக்க அசைவு இருக்க வேண்டும். கெட்டியான சுவரை ஒட்டிக் காற்றுக்கு அசைய இடமில்லை. அங்கே அழுத்தம் மட்டுமே ஏறி இறங்கும். காற்றின் அசைவு உச்சத்தை அடைவது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று கொண்டால், 1,000 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர், 125 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஃபோம் 125 ஹெர்ட்ஸ் அலையைப் பொறுத்தவரை காற்று அசையாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், கரும்பூச்சாக இருக்கும் கரணை அதன் மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமையச் செய்கிறது என்று சர் சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே எழுதினார். மீட்டின் தெளிவும் ஒளியும் அந்த மேற்சுரங்களில் இருக்கின்றன. வாத்தியாரின் ஃபோம் அவற்றைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தது. தொப்பியின் தாழ்ந்த ஒலியை அது தொடவே இல்லை. அவர் காது ஓர் அலைவரிசைப் பகுப்பாய்வுக் கருவி சொல்லக்கூடியதைத் தன் மொழியில் சொல்லியிருந்தது.

உராய்வைத் தவிர இன்னொன்றும் துளைகளுக்குள் நடக்கிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. பிளஸ் ஒன் இயற்பியல் பாடத்தில் ஒலியின் வேகத்துக்கு நியூட்டன் தந்த சூத்திரமும், லாப்லாஸ் அதைத் திருத்தியதும் பலருக்கும் நினைவிருக்கும். அலை அழுத்தும்போதும் விரிக்கும்போதும் காற்றின் வெப்பநிலை மாறுவதில்லை என்று நியூட்டன் கொண்டார். அதனால் அவருடைய கணக்கு வினாடிக்குச் சுமார் 280 மீட்டர் என்று தந்தது. உண்மை மதிப்பு, சுழியம் டிகிரியில், ஏறத்தாழ 332 மீட்டர். அழுத்தம் மிக வேகமாக மாறுவதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று லாப்லாஸ் காட்டிய பிறகே கணக்கு சரியானது. ஆனால் பஞ்சுக்குள், குறைந்த அதிர்வெண்களில், நியூட்டனின் எடுகோள் உண்மையாகிவிடுகிறது. ஒவ்வொரு காற்றுத் துளிக்கும் அருகிலேயே ஓர் இழை இருக்கிறது. காற்று அழுந்திச் சூடாகும்போது அந்த வெப்பத்தை இழை வாங்கிக்கொள்கிறது, விரிந்து குளிரும்போது திருப்பித் தருகிறது. அதனால் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எளிதாக அழுந்துகிறது. அதிர்வெண் உயர உயர லாப்லாஸின் நிலைக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட பகுதியில், வெப்பம் பாதி வழியில் தாமதிக்கும்போது, அதுவும் ஆற்றல் இழப்பாகக் கணக்கில் சேர்கிறது. வகுப்பில் தவறு என்று படித்துக் கடந்துபோன ஒரு சூத்திரம் தலையணைப் பஞ்சுக்குள் சரியாக இருக்கிறது என்று முதன்முதலில் புரிந்த நாளில் நான் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நுணுக்கமான நிகழ்வை ஒவ்வோர் இழையாகக் கணக்கிட முடியாது. 1970இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டெலானி, பேஸ்லி இருவரும் நார்ப்பொருள்கள் பலவற்றை அளந்து பார்த்து, எல்லா அளவீடுகளையும் ஒரே ஓர் எண்ணின் அடிப்படையில் ஒழுங்குபடுத்தலாம் என்று காட்டினார்கள். அந்த எண் காற்றோட்டத் தடை. அதாவது, பொருளின் வழியே காற்றை மெதுவாகச் செலுத்தினால் ஒரு மீட்டர் தடிமனுக்கு எவ்வளவு அழுத்த வேறுபாடு தேவைப்படுகிறது என்பது. காற்றின் அடர்த்தியை அதிர்வெண்ணால் பெருக்கி, காற்றோட்டத் தடையால் வகுத்தால் அலகில்லாத ஓர் எண் கிடைக்கும். அதை அடுக்குச் சூத்திரங்கள் நான்கில் இட்டால் பொருளுக்குள் அலை எவ்வளவு வேகமாகச் செல்லும், எவ்வளவு விரைவில் தேயும், பொருளின் ஒலி மறுப்பு (ஒலி அழுத்தத்துக்கும் காற்று அசையும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) என்ன என்பவை கிடைத்துவிடும். அதன் பிறகு உறிஞ்சல் கெழுவை, அதாவது வந்து விழும் ஒலியில் உறிஞ்சப்படும் பங்கை, கண்டுபிடிப்பது ஒரு விரிதாளில் பத்து நிமிட வேலை. இழை எந்தப் பொருளால் ஆனது, எந்த நிறம், எந்த நிறுவனத்துச் சரக்கு என்று எதையும் அந்தச் சூத்திரம் கேட்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காற்றோட்டத் தடை 20,000 என்றுள்ள, ஐந்து சென்டிமீட்டர் தடிமனான கண்ணாடிப் பஞ்சுப் பலகையை நேரடியாகச் சுவரில் பொருத்துவதாகக் கொள்வோம். நேர்க்குத்தாக வந்து விழும் ஒலியில் 1,000 ஹெர்ட்ஸில் 0.94 பங்கும், 500 ஹெர்ட்ஸில் 0.62 பங்கும் உறிஞ்சப்படும் என்று கணக்கு சொல்கிறது. 125 ஹெர்ட்ஸில் அது வெறும் 0.04. இங்கேதான் கவனம் வேண்டும். நான் சொன்ன அலகில்லாத எண் 0.01க்கும் 1க்கும் இடையில் இருக்கும்போது மட்டுமே தங்கள் சூத்திரத்தை நம்பலாம் என்பது அதை உருவாக்கியவர்களே வகுத்த எல்லை. இந்தப் பலகைக்கு 125 ஹெர்ட்ஸில் அந்த எண் 0.0075. எல்லைக்கு வெளியே போய்விட்டோம் என்று சூத்திரம் எச்சரிப்பதில்லை, ஒரு விடையைத் தந்துவிடுகிறது. பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலி மறுப்பின் மெய்ப்பகுதி எதிர்மறையாகிவிடக்கூடும், அதாவது பஞ்சு ஒலியை உறிஞ்சுவதற்குப் பதிலாக உண்டாக்குகிறது என்று பொருள்படும். ஜப்பானைச் சேர்ந்த மிக்கி 1990இல் இந்தக் குறையை நீக்கிச் சூத்திரத்தின் எண்களை மாற்றியமைத்தார். அவருடைய முறையில் அதே பலகை 125 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.09 தருகிறது. இரண்டும் சிறிய எண்கள்தாம் என்றாலும் ஒன்று மற்றதைப் போல இருமடங்கு.

இப்போது அதே பலகையைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, பின்னால் வெறும் காற்று இருக்கும்படி மரச்சட்டத்தில் பொருத்துவோம். 125 ஹெர்ட்ஸில் இரண்டு முறைகளும் ஒத்த குரலில் 0.26 என்கின்றன. பத்து சென்டிமீட்டர் முழுவதையும் பஞ்சால் நிரப்பினால் கிடைப்பது 0.32க்கும் 0.35க்கும் இடையில். பஞ்சின் விலை இருமடங்கானாலும் லாபம் அவ்வளவுதான். காற்று அசையும் இடத்தை நோக்கிப் பஞ்சை நகர்த்துவதே இங்கே பலன் தருகிறது, அந்த இடைவெளிக்கு விலை கிடையாது. இவ்வளவு பயனுள்ள ஒரு செய்தி பெரும்பாலான விற்பனையாளர்களின் விளக்கத் தாளில் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

காற்றோட்டத் தடையை எங்கிருந்து பெறுவது? விளக்கத் தாளில் பெரும்பாலும் அது இருக்காது, ஆகவே அளக்க வேண்டும். முறைப்படி காற்றை வினாடிக்கு அரை மில்லிமீட்டர் என்ற மிக மெதுவான வேகத்தில் செலுத்தச் சொல்கிறார்கள். ஒலி அலையில் காற்று அசைவது அந்த அளவுக்கு மெதுவானது என்பதே காரணம். மேற்சொன்ன பலகையில் அந்த வேகத்துக்கு எழும் அழுத்தம் அரை பாஸ்கல், அதாவது ஒரு மில்லிமீட்டர் நீர்மட்டத்தின் இருபதில் ஒரு பங்கு. இதைக் கண்ணால் படிக்க இயலாது. நான் பிவிசி குழாய், மீன் தொட்டிக்கான காற்றுப் பம்பு, சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஓர் அமைப்பைச் செய்து, வேகத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு உயர்த்திப் படித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி மதிப்பைப் பெறுகிறேன். மாதிரியின் விளிம்பில் காற்று கசிந்தால் எல்லாம் வீண். விளிம்பைச் சுற்றி வேஸ்லின் தடவும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

பெங்களூரில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, நானே பல மாதங்கள் கவனிக்காமல் இருந்தேன். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஒலியின் வேகம் அழுத்தத்தைப் பொறுத்து மாறுவதில்லை. காற்றின் பாகுத்தன்மையும் மாறுவதில்லை, ஆகவே பஞ்சின் காற்றோட்டத் தடையும் அப்படியே இருக்கும். மாறுவது காற்றின் சொந்த ஒலி மறுப்பு. அதனால் ஒரே பலகை, காற்றோடு ஒப்பிடும்போது, சென்னையைவிடப் பெங்களூரில் சுமார் பத்து விழுக்காடு அதிகத் தடையுள்ளதாக நடந்துகொள்கிறது. என் விரிதாளில் அடர்த்தி 1.2 என்று எப்போதோ எழுதி வைத்ததை 1.07 என்று திருத்திய பிறகுதான் அளவீடும் கணிப்பும் நெருங்கி வந்தன. அதுவரை நான் உறிஞ்சலை அளக்கும் ஒலிக்குழாயை (ஒரு முனையில் ஒலிபெருக்கியும் மறுமுனையில் மாதிரியும் உள்ள குழாய்) சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியாரின் அறைக்கு முதலில் நான் யோசித்தது தென்னைநார்ப் பலகை. பொள்ளாச்சியில் நார் ஆலை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மாதிரிகள் அனுப்பினார். உடம்பில் அரிப்பு உண்டாக்காத, நம் ஊரில் விளையும் பொருள் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் தென்னைநாரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருக்கும், கண்ணாடி இழையோ சில மைக்ரான் மட்டுமே. ஒரே அடர்த்தியில் இழையின் தடிமன் இருமடங்கானால் காற்றோட்டத் தடை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். தடை 1,500 என்று வைத்துக்கொண்டு அதே ஐந்து சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் 500 ஹெர்ட்ஸில் 0.26, 1,000 ஹெர்ட்ஸில் 0.47 வருகிறது. 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்த அலகில்லாத எண் 1ஐத் தாண்டிவிடும். கண்ணாடிப் பஞ்சு சூத்திரத்தின் கீழ் எல்லையில் வெளியேறியது போல, தென்னைநார் மேல் எல்லையில் வெளியேறுகிறது. மெத்தைக்காக ரப்பர் பால் தெளித்துப் பிணைத்த நாராக இருந்தால், பிசின் எந்த இடத்தில் துளையை அடைத்திருக்கிறது என்பது வேறு சேர்ந்துகொள்கிறது. நான் இதையெல்லாம் எண்ணாமல் முதலில் போட்ட கணக்கு, ஒலிக்குழாயில் அளந்த வளைகோட்டோடு உயர் அதிர்வெண்களில் பொருந்தவே இல்லை.

இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஓர் எண் போதாது. திரவம் ஊறிய நுண்துளைப் பொருள்களைப் பற்றி ஜான்சன், கோப்ளிக், டாஷென் ஆகியோர் 1987இல் வெளியிட்ட கோட்பாட்டையும், வெப்பப் பரிமாற்றம் குறித்து ஷாம்பூ, அல்லார்ட் இருவரும் 1991இல் சேர்த்த பகுதியையும் இணைத்து, ஐந்து எண்களைக் கொண்ட முறை ஒன்று இப்போது பரவலாகப் பயன்படுகிறது. காற்றோட்டத் தடையோடு, பொருளில் வெற்றிடத்தின் பங்கு, துளைகளின் வழி எவ்வளவு வளைந்து செல்கிறது என்ற அளவு, உராய்வுக்கு ஒரு நீளம், வெப்பத்துக்கு ஒரு நீளம் ஆகியவை அந்த ஐந்து. உராய்வு நீளத்தை முடிவுசெய்வது துளைகளின் குறுகிய கழுத்துகள், வெப்ப நீளத்தை முடிவுசெய்வது அகன்ற வயிறுகள். ஏனென்றால் காற்று விரைந்து உராய்வது கழுத்தில், வெப்பம் மாறுவதற்கு வேண்டிய பரப்பு இருப்பது வயிற்றில். இந்த ஒரு வேறுபாட்டைப் படித்தபோது எனக்குப் பழைய சூத்திரங்கள் எல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தன. ஆயினும் ஐந்து எண்களையும் அளப்பது கடினம் என்பதால், பலர் குழாயில் அளந்த உறிஞ்சல் வளைகோட்டுக்கு அவற்றைப் பொருத்திப் பெற்றுக்கொண்டு, அதே வளைகோட்டைக் கணித்துவிட்டதாகக் காட்டுகிறார்கள். அதை நான் கணிப்பு என்று ஏற்பதில்லை. ஒரு தடிமனில் பொருத்திய எண்கள் வேறொரு தடிமனில் அளந்த முடிவைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவை பொருளின் எண்கள்.

அளவீடும் தன் பங்குக்கு ஏமாற்றும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒலிக்குழாயில் ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி குறுக்கே அலையாமல் நேராக, தளஅலையாக மட்டும் செல்லும். மாதிரியைக் குழாய்க்குச் சற்றே சிறிதாக வெட்டினால் விளிம்பிலுள்ள இடைவெளி, உண்மையில் இல்லாத உறிஞ்சலை இருப்பதாகக் காட்டும், இறுக்கித் திணித்தால் இழைச்சட்டமே அதிர்ந்து வளைகோட்டில் ஒரு குழியை உண்டாக்கும். பெரிய எதிர்முழக்க அறையில் (ஒலி நெடுநேரம் எதிரொலிக்கும்படி கட்டிய ஆய்வறை) அளந்த தாள்களில் உறிஞ்சல் கெழு 1.05, 1.10 என்றெல்லாம் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வந்த ஒலியைவிட அதிகமாக எந்தப் பொருளும் உறிஞ்சுவதில்லை. பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் மாதிரியின் விளிம்புகளில் ஒலி வளைந்து உள்ளே இழுக்கப்படுவதால், பரப்பைக் கொண்டு வகுக்கும்போது எண் 1ஐத் தாண்டுகிறது.

கடைசியில் வாத்தியாரின் அறைக்குக் கண்ணாடிப் பஞ்சையே தேர்ந்தேன். இழை உதிராதபடி மெல்லிய நெய்யாத்துணி சுற்றி, மேலே ஊதினால் காற்று எளிதாகப் போகும் காடாத் துணி. நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர், மூன்று மீட்டர் உயரம், மொத்தம் 42 கன மீட்டர். ஃபோம் தாள்களை உரித்த பிறகு பலூன் ஒன்றை உடைத்துப் பதிவு செய்ததில் 500 ஹெர்ட்ஸில் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி தேய்ந்து அடங்க எடுக்கும் நேரம், ஒன்றரை வினாடி. ஹார்வர்டில் சபைன் இருக்கை மெத்தைகளைச் சுமந்து சென்று கண்டுபிடித்த பழைய சூத்திரத்தின்படி, அறையின் மொத்த உறிஞ்சல் நாலரைச் சதுர மீட்டருக்குச் சமம். ஐந்து சென்டிமீட்டர் பலகையும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியும் சேர்ந்து 500 ஹெர்ட்ஸில் 0.89 தரும் என்று கணித்திருந்தேன். எட்டுச் சதுர மீட்டர் பொருத்தினால் 0.58 வினாடி வர வேண்டும்.

அளந்தபோது வந்தது 0.7. ஒலி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்பது சபைனின் எடுகோள். நான் பலகைகளை இரண்டே சுவர்களில் வைத்திருந்ததால், பலகையில்லாத இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி இன்னும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பலகைகளை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம் என்று ஏணியை எடுத்தபோது வாத்தியார் தடுத்தார். மிருதங்கத்தை மடியில் சாய்த்து ஆதிதாளத்தில் ஒரு கோர்வை வாசித்துப் பார்த்தார். பிறகு மாணவர்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பலகையையும் கழற்றச் சொன்னார்.

"அங்கேயிருந்து கொஞ்சம் திரும்பி வரணும் தம்பி, இல்லேன்னா பிள்ளைங்க பலமா அடிச்சுப் பழகிடுவாங்க."

கழற்றிய பலகை இப்போது என் மேசைக்கு அருகே, பொள்ளாச்சி நார்ப் பலகையின் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. நாரை இரண்டரை, ஐந்து, ஏழரை சென்டிமீட்டர் என்று மூன்று தடிமன்களில் வெட்டி வைத்திருக்கிறேன். ஐந்தில் பொருத்தும் எண்கள் மற்ற இரண்டையும் சொல்கின்றனவா என்பதை இந்த வாரக் கடைசியில் பார்க்க வேண்டும்.